இரங்கல் கூட்டத்தில் எழுந்த பெண்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், தமிழ்ச் சுருக்கெழுத்துப் படித்தவர்கள். நான் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் எழுதிவிடலாம் என்று சொல்லி, என்னைப் பேசச்சொல்லி எழுதியும் காட்டினார்கள். கொக்கியும் கோடுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"உங்க காலத்துல எப்படி சார் எழுதினீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கை வலிக்க எழுதினோம்" என்றேன். சிரித்தார்கள்.

கிளம்பும்போது மற்றவர் வாசலில் நின்று, "எழுத வேண்டியதை எழுதாம விட்டது எப்பவாச்சும் உண்டா சார்?" என்று கேட்டார். மழை வரும்போல் இருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஓய்வு பெற்ற மனிதனுக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க இடமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது எனக்கு இருபது வயது. கோலாலம்பூரில் இரண்டு வருடம் நீதிமன்றத்தில் நகல் எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. பிறகு ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளரின் பின்னால் ஆறு மாதம் உட்கார்ந்து கேட்டேன். மலாய்ப் பரீட்சையில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினேன். படிப்பு அவ்வளவுதான். சில வருடங்களில் என்னை வேறோர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. பொதுக்கூட்டங்களில் தமிழர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பிய அலுவலகம்.

ஒளிந்திருந்து கேட்பது என் வேலை அல்ல. கூட்டம் நடத்துகிறவர்களே முன்வரிசை ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். சில இடங்களில் சோடாகூடக் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரமாட்டார்கள்.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர். மதராஸ் பக்கம் சில வருடம் இருந்து தமிழ் படித்தவர். 'ழ' எங்களில் பலரைவிட அவருக்கு நன்றாக வரும். இலக்கணப் புத்தகம் மேசையிலேயே இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவ ஆரம்பிப்பார். மூன்று பென்சில் சீவினால் அன்றைக்கு விடுமுறை கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு கணக்கு.

அவருடைய முறை இது. குறிப்புப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. மூலையில் அவருடைய கையெழுத்து இருக்கும். பக்கத்தைக் கிழிக்க முடியாது. தவறாக எழுதினால் கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. விளிம்பில் பேசுகிறவரின் பெயர், உள்ளே அவர் பேசிய சொற்கள். வீட்டுக்கு வந்து அறிக்கையை இரண்டு பத்தியாக எழுத வேண்டும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். 'முதலியன' என்று எழுதக் கூடாது. காதில் விழாததை 'கேட்கவில்லை' என்றே எழுத வேண்டும். மறுநாள் அறிக்கையையும் புத்தகத்தையும் அருகருகே வைத்து, ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, "இதைப் படி" என்பார். ஒருமுறை ஒரு பேச்சாளர் சொன்ன கொச்சை வார்த்தையை நான் நாகரிகமாக்கி எழுதியிருந்தேன். "அந்த மனிதர் பேசியது எனக்கு வேண்டும். நீ பேசியது வேண்டாம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நான் மதித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அந்த அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாம் வருடம் அம்பாங் ஈயச் சுரங்கத்து ஆள் ஒருவர் ஒரு கூட்டத்தில் பேசினார். "எங்காளை அடிச்சவன் வந்து மன்னிப்புக் கேக்குற வரைக்கும் மண்வெட்டியைத் தொடமாட்டோம்" என்றார். அப்படியே எழுதினேன், பெயரோடு. சில வாரத்தில் அவரை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அவர் மனைவி எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். புருஷன் என்ன பேசினான் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றாள். நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் ஒரு காலத்தில் தேசத்துக்கே தலைவராக இருந்த ஒருவர் காலமானதாகத் தந்தி வந்தது. முதல் உலகச் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிடுவீர்கள். இளம் வயதில் சிறை சென்றவர். பிற்காலத்தில் சர்க்கார் கொடுத்த பட்டத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கியவர். சண்டைக்கு முன்பு ஒரு தடவை இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் நான்கு நாள் நின்றபோது இறங்கிச் சுற்றிப் பார்த்தார். துறைமுகக் கூட்டத்தில் நானும் நின்று அவருடைய தலைப்பாகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்கே அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா" என்றார் மேலதிகாரி.

பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பாதிக் கடைகள் பலகை போட்டிருந்தன. மறுபாதி திறந்திருந்தன. ஒரு ஜவுளிக்கடையில் ஒரு பலகையை மட்டும் மூடி, மற்றதைத் திறந்து வைத்திருந்தார்கள். "யாரு வந்து கேட்டாலும் பதில் இருக்குல்லா" என்றார் கடைக்காரர். பள்ளி ஆசிரியர் ஒருவர் தெருவில் நின்று தேம்பி அழுதார். தேநீர்க்கடையில் ரயில்வே பட்டறைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஆறுமுகம் என்பவரை எனக்குத் தெரியும். இயந்திரம் பழுது பார்ப்பவர், எதையும் உரக்கச் சொல்பவர். "அவரு இன்னிக்கா செத்தாரு? பட்டம் வாங்குன அன்னிக்கே செத்துட்டாரு. இப்பத்தான் தந்தி வந்திருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர் தேநீர்க் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இருவரும் பதினைந்து வருடச் சிநேகிதர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசகசாலையில் இரங்கல் கூட்டம். படத்துக்கு ரோஜா மாலை. செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தமான மனிதர், அரசாங்கக் கிராணி. முதலில் அவர் பேசினார். பிறகு ஆசிரியர் பேசினார். பிறகு ஆறுமுகம் எழுந்து, "சிறைக்குப் போனவருக்கு ஒரு கும்புடு. பட்டம் வாங்குனவருக்கு நான் எந்திரிச்சு நிக்கமாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். கூச்சல் எழுந்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கூச்சல் அடங்கும் நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்த தோட்டத்து ஆட்கள் ஆறேழு பேரில் ஒருத்தி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமே இல்லை.

செயலாளர் மரியாதையாகவே, "உங்கட பேர் என்ன அம்மா?" என்றார்.

"போதும்பொண்ணுங்க."

பெண்ணாகவே பிறக்கும் வீட்டில், இத்தோடு நிற்கட்டும் என்று வைக்கும் பெயர். கை தன்பாட்டில் விளிம்பில் எழுதிவிட்டது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. திட்டுறதுக்கும் வரலை" என்று ஆரம்பித்தாள். "செத்துப்போனவரை நான் ஒரு தடவ பாத்திருக்கேன். எங்க தோட்டத்துக்கு வந்தாரு. நாங்க குடியிருக்குற லயத்துக்கு முன்னால எங்களை வரிசையா நிக்க வெச்சாங்க. எல்லாரும் சௌக்கியமா இருக்கோம்னு சொல்லணும்னு கங்காணி மொத நாளே சொல்லிட்டாரு. அவரு வந்து கேட்டாரு. சௌக்கியமா இருக்கோம்னோம். நானும் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு மட்டும் ஓரடி முன்னால போயி அவருகிட்ட என்னமோ சொன்னாரு."

"என்ன சொன்னார்?" என்று செயலாளர் கேட்டார்.

"அது எனக்குக் கேக்கலீங்க. பொம்பளைங்க வரிசை பின்னால. அவரு எங்க வீட்டுக்காரரு தோளுல கைய வெச்சு, பேரைக் கேட்டு, ஒரு சின்னப் பொஸ்தகத்துல எழுதிக்கிட்டாரு. நான் பாத்தேன். அன்னிக்குத் தொரை பங்களாவுல அவருக்கு விருந்து. மறுநா காலைல ஆள் எண்ணுற பெரட்டுல துரை எங்க வீட்டுக்காரரைக் கூப்புட்டு, உங்க பெரிய மனுசரே உன் பேரை எங்கிட்ட சொன்னாருன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. அப்பவே தோட்டத்தை விட்டுத் தள்ளிட்டாங்க. வேலைய விட்டு அனுப்புற சீட்டும் குடுக்கலை. சீட்டு இல்லாதவனை எந்தத் தோட்டத்துல எடுப்பாங்க? நடந்தே போயிருக்காரு. வழியில காய்ச்சல் கண்டு, கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. நான் வரதுக்குள்ள பொதைச்சுட்டாங்க."

"பொய்!" என்று ஆசிரியர் எழுந்தார். "இறந்தவர் படத்துக்கு முன்னால இப்படியா பேசறது?"

"பேச விடுங்கய்யா!" இது ஆறுமுகம்.

செயலாளர் கையமர்த்திவிட்டு, "அவர் நல்லெண்ணத்தோடதான் சொல்லியிருப்பார் அம்மா" என்றார்.

"நானும் அப்படித்தாங்க நெனைக்கிறேன்" என்றாள் அவள். "அவரு கெட்டவரு இல்ல. பேரைச் சொன்னா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியலை. நான் வந்தது வேற ஒண்ணுக்குங்க. அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், நீ படுன்னாரு. பக்கத்துல நின்ன ஆம்பளைங்களைக் கேட்டா, எங்க காதுல விழலைன்னுட்டாங்க. பயம். அந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்கும்ல? நீங்கள்லாம் படிச்சவங்க. அவங்க வீட்டுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுச் சொல்ல முடியுமா?"

புருஷன் பெயர் என்ன என்று யாரோ கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பெண் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொன்னாள்?

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் அறிக்கையில் தோட்டத்து ஆட்கள் பேசியிருந்தால் அதன் நகல் அந்தந்தத் தோட்டத்துக்குப் போகும். அந்தத் துரை இன்னும் அங்கேயே இருக்கிறார், முன்னைவிடப் பெரிய ஆளாக என்று அவளோடு வந்தவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. தோட்டத்தின் பெயரை அவள் சொல்லவில்லை. ஆனால் அப்படியொரு பெயர் கிள்ளான் வட்டாரத்தில் எத்தனை பேருக்கு இருக்கும்? அவள் புருஷன் முன்வந்து பேசியதும் ஒருவர் பேரைச் சொன்னார். இப்போது அவள் பேசியிருக்கிறாள். பேரைச் சொல்லப்போகிறவன் நான். என்ன ஆகும் என்பது அந்தத் தலைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவள் பேசியதை ஒரு சொல்கூட விடாமல் எழுதினேன். பேசியவர் என்ற இடத்தில், 'ஒரு பெண். பெயர் கேட்கவில்லை' என்று எழுதினேன். பத்து வருடத்துக்கு மேலான வேலையில் நான் எழுதிய முதல் பொய். புத்தகத்தின் விளிம்பில் உண்மை அப்படியே இருந்தது. அடித்தால் ஏன் அடித்தாய் என்பார். அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேலதிகாரி அறிக்கையைப் படித்தார். முழுவதும் படித்துவிட்டு, அவளுடைய பேச்சை மறுபடியும் படித்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்துக்கு வந்தார். விரல் நேராக விளிம்புக்குப் போனது.

"பேசுகிறவரின் பெயரை இங்கே எழுதுவது உன் வழக்கம். இதில் என்ன எழுதியிருக்கிறாய்?" மெதுவாக எழுத்துக்கூட்டினார். "போதும்... பொண்ணு. 'போதும், பெண்ணே' என்பதா?"

இலக்கணப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமாம், ஐயா."

"யார் சொன்னது?"

"கூட்டத்தில் ஒருவர். அவளை உட்காரச் சொன்னார்கள்."

"அவள் பேச ஆரம்பிக்குமுன்பேயா 'போதும்' என்றார்கள்?"

"அவள் எழுந்து நின்றதே சிலருக்குப் போதும் என்று ஆகிவிட்டது, ஐயா."

என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். சீவப்போகிறார் என்று நினைத்தேன். சீவவில்லை.

"இதை அறிக்கையில் விட்டுவிட்டாய். சேர்த்து எழுது" என்றார்.

அவர் முன்னாலேயே எழுதினேன். 'கூட்டத்தில் ஒரு குரல்: போதும், பெண்ணே.' வலப்பக்கம் அதையே ஆங்கிலத்தில். அவர் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பிறகு ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னை நம்பிய ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன் என்பது பல நாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஆனாலும் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த வாரமே செயலாளரைப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "நான் வந்தது அலுவலக வேலையா இல்லீங்க" என்றேன். "அந்தம்மா கேட்ட கடுதாசி. யாராச்சும் எழுதினாங்களா?"

"ஒருத்தரும் எழுதேல்லை" என்றார். "செத்த வீட்டில போய் என்னெண்டு கேக்கிறது?"

நானே எழுதினேன். தமிழில், குற்றம் சொல்லாமல். இன்னாருடைய குறிப்பில் கிள்ளான் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, அவர் மனைவி அறிய விரும்புகிறாள் என்று மட்டும். வாசகசாலையின் பெயரில் செயலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவருக்கும் அது தைரியமான காரியம்தான்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தலைவரின் மகள் எழுதியிருந்தார். அப்பாவின் பெட்டியில் நிறையப் புத்தகங்கள் இருந்தன, தேடிக் கண்டுபிடிக்க நாளாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று. அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்.

அவளை எங்கே தேடுவது? ஆறுமுகத்தின் தங்கை அவள் இருக்கும் தோட்டத்திலேயே இருப்பதாகக் கேள்விப்பட்டு, ரயில்வே குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"எதுக்குக் கேக்குறீங்க? எழுதிக்கிறதுக்கா?"

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "உள்ள வாங்கண்ணே" என்றார். அதுவரை அவர் என்னை அண்ணே என்று சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆறுமுகத்தின் வீட்டுக்கு அவள் வந்தாள். முன்னறையில் பாயில் உட்கார்ந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன்.

"'கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டம். வீரப்பன் என்ற தொழிலாளி முன்வந்து பேசினான்.'"

பெயரைக் கேட்டதும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சரியான பெயர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"'காய்ச்சலில் கிடப்பவர்களையும் வேலைக்கு விரட்டுகிறார்கள். என் மனைவி மூன்று நாளாக எழுந்திருக்க இயலாமல் இருக்கிறாள். இன்று அவளையும் இந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள், பாருங்கள் என்றான். விருந்தின்போது துரையிடம் அவன் பெயரைச் சொல்லி, கவனிக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஆகட்டும் என்றார். மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.'"

வெளியே ஒரு சரக்கு ரயில் போயிற்று.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் பாயைத் தடவிக்கொண்டிருந்தாள். "மத்ததெல்லாம் வேணாங்க. அவரு சொன்னதை மட்டும் இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.

"மனைவின்னா சொன்னாரு? இயலாமன்னா? எங்க ஆளு அப்படியெல்லாம் பேசமாட்டாருங்களே."

"எழுதினவரு படிச்சவரும்மா. தன் நடையில எழுதிக்கிட்டாரு. உங்க வீட்டுக்காரரு எப்படிச் சொல்லியிருப்பாரு?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு, அவளுடையதல்லாத ஒரு குரலில், கொஞ்சம் தடித்து, கொஞ்சம் அவசரமாகச் சொன்னாள்: "'எம் பொண்டாட்டி மூணு நாளா எந்திரிக்க முடியாமக் கெடக்காய்யா. அந்தா நிக்கிறா பாருங்க.' இப்படித்தான் சொல்லியிருப்பாரு."

அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பையிலிருந்து பென்சிலை எடுத்து, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதினேன்.

"மேல பேரு போடுங்க" என்றாள்.

"என்ன பேர்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"இப்பப் படிச்சீங்களே, அதாங்க."

எழுதிக் கொடுத்தேன்.